பெசன்ட் நகர் கடற்கரை ஓட்டப் பயிற்சி வகுப்பு: 16 வாரம், 6,000 ரூபாய், ஒரு கணக்கு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அதிகாலை 5.15-க்குக் கூடும் ஓட்டப் பயிற்சி வகுப்பு ஒன்றில், 2024 செப்டம்பர் 15 முதல் 2025 ஜனவரி முதல் வாரம் வரை 16 வாரங்கள் பயின்றேன். கட்டணம் 6,000 ரூபாய். வகுப்பின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு பயிற்சியாளரும் இரண்டு உதவியாளர்களும் நடத்தும் சிறிய வகுப்பு அது. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அவர்களுக்கு மட்டுமே உரியவையும் அல்ல. அண்ணா நகரிலும் மெரினாவிலும் திருவான்மியூரிலும் இப்படிப்பட்ட வகுப்புகள் நடக்கின்றன என்பதால், எதில் பணம் கட்டுவது, கட்டுமுன் எதைக் கேட்பது என்று யோசிப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு பயன்படலாம்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மதிப்பீட்டின் சாய்வு புரியும். வயது 44. மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, இந்திரா நகரில் வீடு. ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஐந்து முறை ஓடத் தொடங்கி ஐந்து முறை நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியதற்குச் சோம்பல் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தால் இரண்டே காரணங்கள் மாறி மாறி வருகின்றன: மருத்துவரிடம் போகும் அளவுக்குப் பெரிதாகாத ஏதோ ஒரு சிறு வலி, அல்லது செப்டம்பர் மாதம். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 கெடு. அதற்குள் ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் வேறு. இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் ஒருத்தி காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவாள் என்று எதிர்பார்க்கும் எந்தப் பயிற்சி அட்டவணையும் முதல் வாரத்திலேயே பொய்த்துவிடும். அப்படிப் பொய்த்த அட்டவணைகள் என் கைப்பேசியில் மூன்று இருந்தன, மூன்றுமே இலவசம்.

ஆகவே இந்த வகுப்பில் சேரும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், எனக்கு முதல் நாலு வாரம் ஆடிட் சீசன். வர முடியாத நாளுக்கு என்ன செய்வீங்க?" வேறு இரண்டு இடங்களில் இதே கேள்விக்கு, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்ற வகையில் பதில் கிடைத்திருந்தது. இவர் மட்டும், "வர முடியாத நாள் எத்தனை இருக்கும்னு தோராயமா சொல்லுங்க, அதுக்கும் சேர்த்துத்தான் போடணும்" என்று குறிப்பேட்டை எடுத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பணம் கட்டினேன் என்றால் மிகையில்லை.

வாரத்தில் நான்கு நாள் வகுப்பு. செவ்வாயும் சனியும் ஓட்டம், வியாழன் தசை வலுவுக்கான பயிற்சி, ஞாயிறு நீண்ட தூரம். 16 வாரத்துக்கு 64 அமர்வுகள். கணக்கு எழுதும் தொழில் என்பதால் இதற்கும் ஓர் ஏடு போட்டேன். முழுமையாகச் செய்தவை 39, குறுக்கிச் செய்தவை 14, தவறியவை 11. முதல் நான்கு வாரங்களை மட்டும் எடுத்தால் 16-இல் முழுமையானவை ஐந்துதான். எட்டு குறுக்கம், மூன்று தவறல். முந்தைய ஐந்து முயற்சிகளும் இந்த இடத்தில்தான் முடிந்தன. இந்த முறை முடியாததற்குக் காரணம் அந்த "எட்டு" என்ற எண்.

வகுப்பில் அதற்குப் பெயர் கால் மணிக் கணக்கு. வேலை நெருக்கும் நாளில் முழு அமர்வைச் செய்ய வேண்டியதில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி 15 நிமிடம் நடந்தோ ஓடியோ திரும்பினால் போதும், ஏட்டில் அது குறுக்கம் என்று பதியப்படும், தவறல் என்று பதியப்படாது. கேட்பதற்குச் சின்னப் பிள்ளைகளை ஏமாற்றும் வித்தைபோல இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு நாள் விட்டால் மறுநாள் எழுவதற்கு இருமடங்கு மனத்திடம் வேண்டியிருக்கிறது என்பதும், மூன்று நாள் விட்டால் ஷூ அலமாரியின் அடியில் போய்விடுகிறது என்பதும் தொடங்கி நிறுத்திய அனைவருக்கும் தெரியும். செப்டம்பர் 26-ஆம் தேதி, அலுவலகத்தில் பதினோரு கோப்புகள் பாக்கி இருந்த காலையில், இந்திரா நகர்த் தெருக்களில் 15 நிமிடம் சுற்றிவிட்டு வந்து வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்தபோது, அன்று நான் ஓடியதாக எனக்கே தோன்றவில்லை. ஏடு மட்டும் ஓடியதாகச் சொன்னது. அந்த ஆண்டு கெடு அக்டோபர் 7-க்குத் தள்ளிவைக்கப்பட்டது வேறு கதை. தள்ளிவைத்தால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள் உரையில் பயிற்சியாளர், "21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கம் ஆகிவிடும்" என்றார். ஊர் முழுக்கச் சொல்லப்படும் இந்த எண் சரியானதல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு செய்து 2010-இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நமக்கு அதைவிட முக்கியமான செய்தி அதே ஆய்வில் இருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. பயிற்சியாளரின் உரை தவறு, அவர் போட்டிருக்கும் விதி சரி. இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டுமென்றால் அது உரையாகவே இருக்கட்டும்.

கால் மணிக் கணக்கைவிட என்னை எழுப்பியது "துணை" என்ற ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இருவரை இணைத்துவிடுகிறார்கள். எனக்குத் துணையாக அமைந்தவர் சாஸ்திரி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 61. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே 5.05-க்கு அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி அவரை ஏற்றிக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. நான் போகாவிட்டால் டீச்சர் கேட் விளக்கின் கீழே, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் நாய்களுக்காக ஒரு குடையுமாக நின்றுகொண்டிருப்பார் என்பது தூக்கத்திலும் தெரியும். வரவில்லை என்று முந்தைய இரவே சொல்லிவிடலாம். சொன்னால், "சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்பதோடு நிறுத்துவார், காரணம் கேட்கவே மாட்டார். அந்தக் கேளாமைதான் கஷ்டம். அக்டோபரில் இரண்டு முறை சொல்ல வாட்ஸ்அப்பைத் திறந்து, எழுதி, அழித்துவிட்டு, 4.40-க்கு அலாரம் வைத்திருக்கிறேன். இதைப் பயிற்சியாளர் திட்டமிட்டுச் செய்தாரா, இருவருக்கும் போக்குவரத்து வசதி என்று செய்தாரா என்று கேட்டதில்லை.

விடியுமுன் தனியாகத் தெருவில் நடக்கப் பெண்கள் தயங்குவதற்கும் இந்த ஏற்பாடு ஒரு பதில். செப்டம்பரில் ஏறக்குறைய ஆறு மணிக்கு உதிக்கும் சூரியன் ஜனவரியில் ஆறரைக்குத்தான் வருகிறது, 5.15 என்பது பதினாறு வாரமும் இருட்டுதான். டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் ஷ்மிட்டின் நினைவாக 1930-களில் எழுப்பப்பட்ட வெள்ளை வளைவுக்கு எதிரே வகுப்பு கூடுகிறது. அங்கே விளக்கு இருக்கிறது, நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் நடமாட்டமும் இருக்கிறது. அஷ்டலட்சுமி கோயில் பக்கம் போகப்போக இரண்டும் குறைகின்றன. உதவியாளர்களில் ஒருவர் எப்போதும் கடைசி ஆளின் பின்னால் வருவார், அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நான். கழிப்பறை விஷயத்தில் மட்டும் வகுப்பிடம் பதிலே இல்லை. இரண்டரை மணி நேர ஞாயிறு ஓட்டத்துக்கு வரும் பெண்கள் அந்த வேளையில் எங்கே போவது என்று கேட்டபோது, "முன்னாடியே வீட்டுல முடிச்சுட்டு வந்துடுங்க மேடம்" என்றார்கள். கேட்டவர்கள் மூவர், பதிலில் மூவருக்கும் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் உள்ள ஒரு வகுப்புத் தோழியின் வீட்டை நாங்களே ஏற்பாடு செய்துகொண்டோம்.

இனி வலி. இந்த வகுப்பைப் பிற வகுப்புகளிலிருந்து பிரித்துக் காட்டும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு இரவும் ஒன்பதரைக்குள் வாட்ஸ்அப்பில், குழுவுக்கு அல்லாமல் உதவியாளருக்குத் தனியாக, ஓர் எண்ணும் ஒரு சொல்லும் அனுப்ப வேண்டும். எண் 0 முதல் 10 வரை: வலியின் அளவு. சொல் வலியின் குணம்: குத்தல், குடைச்சல், இழுப்பு, கடுப்பு, எரிச்சல். இந்தச் சொற்களைக் கேட்டபோது வலிக்கு இவ்வளவு பெயர்கள் நம் வீட்டிலேயே கிடந்தனவே என்று தோன்றியது. என் மாமியார் தம் முழங்காலைப் பற்றி ஒரே பேச்சில் ஐந்தையும் பயன்படுத்துவார். அனுப்பிய அரை மணிக்குள் மறுநாள் பயிற்சி அதே அளவா, குறைப்பா, ஓய்வா என்று பதில் வந்துவிடும். 2 வரை வழக்கம்போல ஓடலாம். 3 முதல் 5 வரை என்றால் தூரம் பாதி, வேகப்பயிற்சி கிடையாது. 5-க்கு மேல் ஓட்டம் இல்லை. எண் சிறிதாக இருந்தாலும் மறுநாள் காலையில் அது முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் ஓட்டம் இல்லை. எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் குத்தல் என்று எழுதினால், எண் 1 ஆக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும்; எலும்பில் நுண்விரிசல் அப்படித்தான் தொடங்கும் என்பதால் அந்த விதியில் சலுகையே கிடையாது.

என் முறை தீபாவளியன்று வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை திரு.வி.க. பாலத்தில் ஏற்றப் பயிற்சி. மேடே இல்லாத இந்த ஊரில் மேட்டுக்குப் பாலத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அடுத்த இரண்டு நாள் அடுப்பங்கரையில் வெறுங்காலோடு நின்று முறுக்கும் அதிரசமும் சுட்டேன். அக்டோபர் 31 விடியலில், எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கட்டிலை விட்டு இறங்கிய முதல் அடியிலேயே வலது குதிகாலின் பின்புறம், ஷூவின் பின்விளிம்பு படும் இடத்துக்குச் சற்று மேலே, கயிறு பிடித்து இழுப்பதுபோல இருந்தது. பத்து அடி நடந்தபின் குறைந்தது. குளித்து முடித்தபோது மறைந்தேவிட்டது. மறுநாளும் அப்படியே. 4, இழுப்பு என்று அனுப்பினேன்.

முந்தைய முயற்சிகளில் இதுபோன்ற வலிக்கு நானே மூன்று வாரம் ஓய்வு எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த மூன்று வாரம் மூன்று மாதமாகியிருக்கிறது. இங்கே மாடிப்படியில் செய்ய ஒரு பயிற்சி வந்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, வலது காலை மட்டும் வைத்துக்கொண்டு குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி 15 முறை வீதம் மூன்று சுற்று. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. ஆக நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரம். இது இந்தப் பயிற்சியாளரின் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணின் வலிக்கு உலகெங்கும் கொடுக்கப்படுகிறது. அவருக்கே அந்த வலி இருந்ததாகவும், அறுவை சிகிச்சை செய்ய மறுத்த மேலதிகாரியை வழிக்குக் கொண்டுவர நாணை வேண்டுமென்றே கெடுத்துக்கொள்ளப் பார்த்தபோது அது குணமாகிவிட்டதாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது.

180 முறை என்பதை வேலைக்குப் போகும் ஒருத்தியின் நாளில் எங்கே வைப்பது? அடுக்களையிலிருந்து பின்கட்டுக்கு இறங்கும் ஒற்றைப் படியில் வைத்தேன். அடுப்பில் குக்கர் ஏறியதும் படியில் ஏறுவேன். முதல் விசில் வருவதற்குள் நீட்டிய முழங்காலில் ஒன்றரைச் சுற்று, மூன்றாவது விசிலில் அந்தப் பாதி முடியும். பருப்புக்கு இன்னொரு குக்கர் வைக்கும் நாளில் மடக்கிய பாதியும் முடிந்துவிடும். இடது கை கதவு நிலையில், பார்வை எதிரே இருக்கும் துவைக்கும் கல்லில். இறங்கும்போது கெண்டைக்கால் நடுங்கும். முதல் வாரம் வலி கொஞ்சம் கூடவே செய்தது. அதை எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான்காவது வாரம் எண் 2-க்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு வாரமும் ஓட்டத்தை முற்றாக நிறுத்திய நாள் நான்குதான்.

வலி எண் என்ற யோசனையும் ஸ்வீடனிலிருந்தே வந்திருக்கிறது. கோத்தன்பர்க்கில் கரின் சில்பர்நாகெலும் சகாக்களும் குதிகால் நாண் வலி உள்ள 38 பேரிடம் செய்து 2007-இல் வெளியிட்ட சோதனையில், வலி 5-ஐத் தாண்டாதவரை ஓட்டத்தையும் குதித்தலையும் தொடர அனுமதிக்கப்பட்டவர்கள், அவற்றை ஆறு வாரம் நிறுத்தியவர்களைவிட மோசமாகிவிடவில்லை. ஆனால் அந்தச் சோதனை குதிகால் நாணுக்கானது. இந்த வகுப்பு அதை முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் ஒரே அளவுகோலாகப் பயன்படுத்துவதை நான் முழுமனதுடன் ஏற்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் முழங்கால் வெளிப்புற வலிக்கு வாரக்கணக்கில் 3 என்று எழுதிக்கொண்டே வந்து, பாதித் தூரம் ஓடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மாதம் உட்கார வேண்டியதாயிற்று. 3 என்பதே மூன்று வாரம் நீடித்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

பயிற்சித் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரந்தோறும் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்ற பழைய விதியின் மேல் கட்டப்பட்டது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், இந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களிலும் வேகமாகக் கூட்டியவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயமுற்றனர். ஆகவே அது கல்வெட்டு அல்ல, கைவிளக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறுகளில் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையைக் கற்றுத்தந்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய வழி. களைத்தபின் நடப்பதற்கும், களைக்குமுன் கணக்கு வைத்து நடப்பதற்கும் உள்ள வேறுபாடு 14-ஆவது கிலோமீட்டரில்தான் தெரிகிறது.

வேக அட்டவணை மட்டும் எந்தக் குளிர்நாட்டு ஏட்டிலிருந்தோ அப்படியே பெயர்த்து எடுக்கப்பட்டது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றிலேயே நீர் நிறைந்திருக்கும் செப்டம்பர் காலையில் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, இதயம் அதே வேகத்துக்குக் கூடுதலாக அடித்தாக வேண்டியிருக்கிறது. அட்டவணைப்படி ஓட முடியாமல் முதல் மாதம் பத்துப் பேர் மனம் தளர்ந்தார்கள், இருவர் நின்றே போனார்கள். மார்கழி பிறந்து காற்று குளிர்ந்ததும் அதே கால்கள் அதே அட்டவணையை எட்டின. வேகத்தைப் பாராமல், பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இருவரும் இருந்திருப்பார்கள். டீச்சர் இதைச் சொல்லாமலே கடைப்பிடித்தார். அஷ்டலட்சுமி கோயில் வரை போய்த் திரும்புவதற்குள் தம் பழைய மாணவர்களில் மூவரின் திருமணக் கதையை முடித்துவிடுவார்.

மழை நாட்களை வகுப்பு கையாண்ட விதம் நன்று. அக்டோபர் நடுவில், வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்த அந்த நாட்களிலும், நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த வார இறுதியிலும், முந்தைய மாலையே ரத்து அறிவிப்பு வந்தது. கூடவே வீட்டுக்குள் செய்ய 20 நிமிடப் பயிற்சியும் வந்தது. அடுக்ககத்தின் மூன்று மாடிப்படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது மாமியார் கதவைத் திறந்து, "புயல்லயும் உனக்கு ஓட்டமா? கரண்ட் போகுமுன்ன அந்த மோட்டாரையாவது போட்டுட்டு ஓடு" என்றார். போட்டுவிட்டு ஓடினேன். ஞாயிறு ஓட்டங்களில் மூன்று இடங்களில் மேசை போட்டுத் தண்ணீர், உப்பும் எலுமிச்சையும் கலந்த நீர், பூவன்பழம், கடலை மிட்டாய் வைப்பதும் கட்டணத்திலேயே அடக்கம். விலை உயர்ந்த சத்து ஜெல் பொட்டலங்களை விற்க யாரும் முயலவில்லை.

விற்க முயன்றது பிசியோதெரபி. கட்டணத்தில் இலவச ஆலோசனை ஒன்று சேர்ந்தது என்று சொல்லி அனுப்பிவைத்த நிலையத்தில், என் குதிகாலைத் தொட்டுப் பார்த்த நேரத்தைவிட 12 அமர்வுத் தொகுப்பின் சலுகை விலையைச் சொன்ன நேரம் அதிகம். படிப் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் ஆர்வம் வடிந்துவிட்டது. வகுப்பாருக்கு இதைத் தெரிவித்தேன். வருந்தினார்கள், அடுத்த குழுவையும் அங்கேதான் அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை வகுப்பு பலவீனமானது. முப்பது பேருக்கு ஓர் உதவியாளர். உட்கார்ந்து எழும் பயிற்சியில் என் முழங்கால் உள்நோக்கிச் சரிவதை ஏழாவது வாரத்தில், அதுவும் டீச்சர்தான், பார்த்துச் சொன்னார். சிறு வலிகளைத் தடுப்பதில் தசை வலுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று மேடையில் பேசிவிட்டு, அந்த நாளுக்கு மிகக் குறைந்த கவனம் தருவது பொருந்தவில்லை. பொதுவான வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒரு வரி போதும்: முதல் வாரமே அறிவிப்பொலியை அணைத்துவிடுங்கள்; விடியற்காலைப் பதக்கப் படங்களையும் பிறர் வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தால் குறுக்கம் என்று பதிந்த நாள் தோல்விபோலத் தெரியத் தொடங்கும். நடுவில் ஊருக்குப் போனாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ கட்டணத்தை நிறுத்திவைக்கவும் முடியாது.

6,000 ரூபாய் தகுமா? அட்டவணைக்கு என்றால் தகாது. கைப்பேசிச் செயலிகள் அதைவிட நல்ல அட்டவணையை இலவசமாகத் தருகின்றன. சேர்ந்து ஓட ஆள் வேண்டும் என்றால், 2006 முதல் இயங்கும் சென்னை ரன்னர்ஸ் அமைப்பின் வட்டாரக் குழுக்களை முதலில் போய்ப் பாருங்கள். தானாக எழுந்து ஓடிவிடும் ஒழுங்கு உள்ளவர்களுக்கும், வேகத்தைக் கூட்டிப் பதக்க மேடை ஏற விரும்புபவர்களுக்கும் இந்த வகுப்பு ஏமாற்றமளிக்கும். மாலை ஷிஃப்டில் வேலை செய்பவர்களுக்கு இதில் இடமே இல்லை. என்னைப்போலத் தொடங்கித் தொடங்கி நிறுத்துபவர்களுக்கு, இரவு ஒன்பதரைக்கு ஒருவர் உங்கள் குதிகாலைப் பற்றிக் கேட்பதற்கும், காலை 5.05-க்கு ஒருவர் உங்களுக்காக வாசலில் நிற்பதற்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 54 ரூபாய் ஆகிறது. ஒரு நாளைக்கு இரண்டு காபி குடிக்கும் செலவு. நான் கொடுப்பேன்.

கொடுத்தும்விட்டேன். ஜனவரி 5 சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் தூரமான 21.1 கிலோமீட்டரை 2 மணி 51 நிமிடத்தில் முடித்தேன், அன்றிரவு அனுப்பிய எண் 3, கடுப்பு. அடுத்த தவணை ஏப்ரலில் தொடங்கி கத்திரி வெயிலைக் கடந்து போகும். வியாழனுக்கு இரண்டாவது உதவியாளர் உண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டேன். உண்டு என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன். டீச்சருக்கு அந்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை இருப்பதால் முதல் சில வாரங்களுக்கு வேறொருவரைத் துணையாகப் போட்டிருக்கிறார்கள், திருவான்மியூரில் வங்கியில் வேலை பார்க்கும் பெண், வயது 29, சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். வாசலில் யாரும் நிற்கப்போவதில்லை என்பதால் அலாரத்தை 4.40-இலிருந்து 4.30-க்கு மாற்றி வைத்திருக்கிறேன்.